பொதிக்கழுதைப் பந்தயம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் டென்வருக்குப் பக்கத்தில் குடியிருக்கிறேன். மூன்று கோடைகளாகக் கொலராடோ மலைகளில் கழுதையோடு பந்தயம் ஓடுகிறேன். இரண்டு முறை குறுகிய தூரம், ஒரு முறை நீண்ட தூரம். எதிலும் ஜெயித்ததில்லை, ஜெயிக்கும் உத்தேசமும் இல்லை. ஊருக்குப் போன் செய்து இதைச் சொன்னால் முதலில் ஒரு சிரிப்பு வரும். அப்புறம் "உனக்கு வேற வேலை இல்லையா?" வரும். அதற்கும் பிறகுதான் உண்மையான கேள்விகள் வரும். இங்கே இருக்கும் தமிழ் நண்பர்களும் ஏறக்குறைய அதே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி மாளவில்லை. அதனால் எழுதி வைத்துவிட்டேன்.

கழுதை மேல் ஏறி ஓட்டுவீர்களா?

இல்லை. ஏறினால் பந்தயத்திலிருந்து நீக்கிவிடுவார்கள். கழுதையும் ஓடும், நீங்களும் ஓடுவீர்கள், நடுவில் ஒரு கயிறு. அவ்வளவுதான் விஷயம். இங்கே கழுதையைப் 'புர்ரோ' என்பார்கள். ஸ்பானிய மொழியில் கழுதை என்று பொருள். சுரங்கக் காலத்தில் பொதி சுமந்த கழுதைகளுக்கு அந்தப் பெயர் நிலைத்துவிட்டது.

எங்கே நடக்கிறது? எவ்வளவு தூரம்?

பெரிய பந்தயம் ஃபேர்பிளே என்ற சிறு ஊரில், ஜூலை மாதக் கடைசி வார இறுதியில் நடக்கும். உலக சாம்பியன்ஷிப் என்றே அதற்குப் பெயர். நீண்ட பந்தயம் 29 மைல், அதாவது கிட்டத்தட்ட 47 கிலோமீட்டர். ஊரிலிருந்து கிளம்பி மஸ்கிட்டோ கணவாயின் உச்சி வரை ஏறி, திரும்ப ஊருக்கே வர வேண்டும். மாரத்தான் ஓடி முடித்து, அதற்கு மேலும் நாலரை கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். குறுகிய பந்தயம் 15 மைல். அது உச்சிக்குப் போகாது.

அடுத்த வாரம், ஆகஸ்ட் தொடக்கத்தில் லெட்வில் ஊர்ப் பந்தயம், சுமார் 21 மைல். அதுவும் அதே கணவாய்க்குத்தான், மலையின் மறுபக்கத்திலிருந்து. அதற்கடுத்து பியூனா விஸ்டா. இந்த மூன்றையும் சேர்த்து 'டிரிபிள் கிரவுன்' என்கிறார்கள். இவை போக ஜார்ஜ்டவுன், ஐடஹோ ஸ்பிரிங்ஸ் போன்ற பழைய சுரங்க ஊர்களில் பத்து மைலுக்கு உட்பட்ட சின்னப் பந்தயங்களும் உண்டு. புதிதாக வருபவர் அங்கே தொடங்குவது நல்லது. நான் நேராக ஃபேர்பிளேயில் போய் நின்றேன். அந்தக் கதை கீழே வருகிறது.

இது எப்படி ஆரம்பித்தது?

ஊரில் சொல்லும் கதை இது. இரண்டு சுரங்கக்காரர்கள் ஒரே இடத்தில் தங்கத்தைக் கண்டுபிடித்தார்கள். யார் முதலில் ஊருக்குப் போய்ப் பதிவு செய்கிறாரோ அவருக்குத்தான் நிலம். இருவரிடமும் கழுதை உண்டு. ஆனால் அதன் முதுகு முழுக்கக் கருவிகள், ஏற இடமில்லை. கழுதையை விட்டுவிட்டு ஓடவும் மனமில்லை, ஏனென்றால் சொத்து என்று இருந்ததே அதுதான். ஆகவே கழுதையை இழுத்துக்கொண்டு ஓடினார்கள்.

நல்ல கதை. நடந்ததா என்று யாரிடமும் ஆதாரம் கேட்காதீர்கள்.

பதிவான வரலாறு 1949 ஜூலையில் தொடங்குகிறது. தங்கம், வெள்ளிச் சுரங்கங்களால் வளர்ந்த லெட்வில், ஃபேர்பிளே ஊர்கள் அதற்குள் களையிழந்திருந்தன. வெளியூர்க் கூட்டத்தை வரவழைக்க ஏதாவது செய்தாக வேண்டும். இரண்டு ஊருக்கும் நடுவில் ஒரு மலை. அந்த மலையைக் கழுதைகளோடு கடக்கும் பந்தயம் வைத்தார்கள். முதல் பந்தயம் லெட்வில்லில் கிளம்பி ஃபேர்பிளேயில் முடிந்தது. பிற்பாடு இரண்டு ஊரும் பாகம் பிரித்துக்கொண்ட அண்ணன் தம்பி மாதிரி ஆளுக்கொரு பந்தயம் வைத்துக்கொண்டன. கணவாய் மட்டும் இன்னும் பொதுச் சொத்து. 2012இல் கொலராடோ மாநிலச் சட்டமன்றம் இதை மாநிலத்தின் கோடைக்காலப் பாரம்பரிய விளையாட்டாக அறிவித்தது.

ஃபேர்பிளே போனால் கடைத்தெருவில் ஒரு நினைவுக்கல்லைப் பாருங்கள். 'புரூன்ஸ்' என்ற கழுதைக்கு வைத்தது. 1867–1930 என்று பொறித்திருக்கும். அந்தப் பகுதிச் சுரங்கங்களில் எல்லாம் பொதி சுமந்த கழுதை. அதோடு வாழ்ந்த ரூப் ஷெர்வுட் என்ற கிழவர், தான் செத்தால் தன் சாம்பலையும் அங்கேயே வைக்கச் சொன்னார். வைத்திருக்கிறார்கள். முதன்முதலில் அதைப் பார்த்தபோது எனக்குத் திருவண்ணாமலைப் பக்கம் எடுத்தனூர் நடுகல்தான் ஞாபகம் வந்தது. அதில் வீரனோடு கோவிவன் என்ற அவனுடைய நாயும் பெயர் சொல்லிச் செதுக்கப்பட்டிருக்கிறது. கூட நின்ற மிருகத்துக்குக் கல் நட வேண்டும் என்று தோன்றியவர்கள் இரண்டு இடத்திலும் இருந்திருக்கிறார்கள்.

கணவாய்க்கு ஏன் கொசுவின் பெயர்?

பெயர் வைக்கக் கூடிய கூட்டத்தில் ஒருமித்த கருத்து வரவில்லையாம். பதிவேட்டில் இடத்தைக் காலியாக விட்டுப் போனார்கள். மறுபடி திறந்தபோது அந்த இடத்தில் ஒரு கொசு நசுங்கிக் கிடந்ததாம். இதையும் கதை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

கழுதை என்ன சுமக்கும்?

முதுகில் பொதிச்சேணம். அதில் ஒரு பிக்காசு, ஒரு ஷவல், தங்கம் அலசும் தட்டு ஒன்று. மூன்றும் கட்டாயம், சுரங்கக் காலத்து நினைவாக. எல்லாம் சேர்ந்து 33 பவுண்டு இருக்க வேண்டும், அதாவது 15 கிலோ. குறைந்தால் வேறு ஏதாவது பாரம் சேர்ப்பார்கள். சின்னப் பந்தயங்களில் எடை விதி வேறாக இருக்கலாம், அந்தந்தப் பந்தயத்தின் விதித்தாளைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

எடையைவிடக் கட்டுவதுதான் பெரிய வேலை. இரண்டு பக்கமும் சமமாக இல்லாவிட்டால் இரண்டாவது மைலில் சேணம் வயிற்றுக்குக் கீழே தொங்கும். தட்டும் ஷவலும் உரசிச் சத்தம் போட்டால் சில கழுதைகள் மிரளும். அதனால் பழகியவர்கள் ஒவ்வொன்றையும் துணி சுற்றிக் கட்டுவார்கள். நான் கட்டியதைப் பார்த்த கழுதைக்காரர் ஒன்றும் சொல்லாமல் முழுவதையும் அவிழ்த்தார். முதலிலிருந்து அவரே கட்டினார்.

வேறு என்ன விதிகள்?

கயிறு 15 அடிக்கு மேல் கூடாது. சாட்டை, தடி, ஊசி, மின்சாரம் பாய்ச்சும் கருவி எதுவும் கூடாது. கிளம்பும் முன் கால்நடை மருத்துவர் ஒவ்வொரு கழுதையையும் பார்ப்பார். நொண்டினால் ஓட முடியாது. குதிரைக்கும் கோவேறு கழுதைக்கும் இடமில்லை. ஆரம்பித்த கழுதையோடுதான் முடிக்க வேண்டும்.

எனக்குப் பிடித்த விதி ஒன்று உண்டு. கழுதையைத் தள்ளலாம், இழுக்கலாம், தேவைப்பட்டால் தூக்கிக்கொண்டும் போகலாம். கழுதை உங்களைத் தூக்கக் கூடாது, நீங்கள் கழுதையைத் தூக்கலாம்! இருநூறு கிலோ கழுதையை யார் தூக்குவது என்பது வேறு விஷயம். முடிவுக் கோட்டில் கணக்கு உங்கள் மார்புக்கு இல்லை, கழுதையின் மூக்குக்குத்தான். யாருடைய கழுதையின் மூக்கு முதலில் கோட்டைத் தாண்டுகிறதோ அவர் ஜெயித்தார். கோட்டுக்கு இரண்டடி முன்னால் கழுதை நின்றுவிட, பின்னால் வந்தவர் சாவகாசமாகத் தாண்டிப் போவது நடக்கிற காரியம்.

என்னிடம் கழுதை இல்லையே?

பெரும்பாலும் யாரிடமும் இருப்பதில்லை. நாலைந்து கழுதை வளர்க்கிறவர்கள் ஓட ஆள் தேடுவார்கள், ஓட விரும்புகிறவர்கள் கழுதை தேடுவார்கள். இந்தப் பந்தயங்களை நடத்தும் வெஸ்டர்ன் பேக் புர்ரோ அசோசியேஷன் வழியாக விசாரித்தால் ஆள் கிடைப்பார்கள். அந்தச் சங்கம் தன் பெயரை எழுதும் விதத்தைக் கவனித்திருக்கிறீர்களா? 'அசோசியேஷன்' என்பதன் முதல் மூன்று எழுத்துக்குப் பிறகு ஒரு கோடு போட்டிருப்பார்கள். ஆங்கிலத்தில் கழுதைக்கும் பின்பக்கத்துக்கும் அந்த மூன்றெழுத்துதான். இந்த விளையாட்டில் பாதிப் பேச்சு அந்தச் சிலேடையில்தான் ஓடுகிறது. முதல் வருடம் சிரிப்பீர்கள். மூன்றாம் வருடம் சிரிப்பு வராது, ஆனால் நீங்களே சொல்ல ஆரம்பித்திருப்பீர்கள்.

நான் ஓடும் கழுதை ஒரு வயதான தம்பதியுடையது. பெயர் டஸ்டி. வாடகை எதுவும் இல்லை. வாரம் இரண்டு நாள் போய்ச் சாணி அள்ள வேண்டும், கூட நடக்க வேண்டும், அதுதான் ஒப்பந்தம். ஆரம்பத்தில் சாணி அள்ளுவது பயிற்சிக்கு நான் கொடுக்கும் விலை என்று நினைத்தேன். அதுவே பயிற்சி என்று புரிய இரண்டு மாதம் ஆனது.

எந்த மாதிரிக் கழுதை நல்லது?

பலருடைய கழுதைகள் ஒரு காலத்தில் காட்டில் திரிந்தவை. சுரங்கங்கள் மூடியபோது அவிழ்த்து விடப்பட்டவை அரிசோனா, நெவாடா, கலிஃபோர்னியாப் பாலைவனங்களில் பெருகின. 1971ஆம் வருடச் சட்டம் அவற்றுக்குப் பாதுகாப்புக் கொடுத்தது. அளவுக்கு மீறிப் பெருகும்போது அரசு பிடித்துத் தத்துக் கொடுக்கிறது. டஸ்டியும் அப்படி வந்ததுதான். கழுத்தில் மயிருக்கு அடியில் வெள்ளைக் குறியீடு இருக்கும்.

காயடித்த ஆணோ பெட்டையோ புதியவருக்கு ஏற்றது. காயடிக்காத ஆண் வேகமாக ஓடும், ஆனால் முன்னால் ஒரு பெட்டை போனால் பந்தயத்தை மறந்துவிடும். வயது நாலைந்தாவது ஆகியிருக்க வேண்டும், அதற்கு முன் எலும்பு முற்றாது. பதினைந்து வயது, இருபது வயதுக் கழுதைகள் இளசுகளைத் தோற்கடிப்பதைப் பார்த்திருக்கிறேன். கழுதைக்கு ஆயுள் முப்பது வருடத்துக்கு மேல், அதனால் இருபது ஒன்றும் கிழடில்லை.

கழுதை பிடிவாதம் பிடிக்குமே?

இந்தக் கேள்விக்குத்தான் நீளமாகப் பதில் சொல்ல வேண்டும்.

குதிரை புல்வெளி மிருகம். பயந்தால் ஓடும், ஓடிய பிறகு யோசிக்கும். கழுதையின் மூதாதைகள் வடகிழக்கு ஆப்பிரிக்காவின் வறண்ட கல் நிலத்தில் வாழ்ந்தவை. பெரிய மந்தை கிடையாது. கல்லுக்குள் கண்மூடித்தனமாக ஓடினால் கால்தான் முறியும். ஆகவே கழுதை பயந்தால் நிற்கும். நின்று, காதை முன்னால் நீட்டி, எதிரில் இருப்பது என்ன என்று பார்க்கும். முடிவு எடுத்த பிறகுதான் நகரும். நமக்கு அது பிடிவாதமாகத் தெரிகிறது. அதற்கு அது யோசனை. யோசித்துக்கொண்டிருக்கும் ஒருவரைக் கயிறு கட்டி இழுத்தால் என்ன ஆகும்? 'இந்த ஆளும் ஆபத்துதான்' என்று இன்னொரு முடிவு எடுக்கும். அதன் ஞாபகசக்தியும் அபாரம், சீக்கிரம் மறக்காது.

என் முதல் பந்தயத்தில் ஒரு ஓடை வந்தது. ஓடை என்றுகூடச் சொல்லக் கூடாது, வாய்க்கால். நான் ஒரே எட்டில் தாண்டினேன். டஸ்டி நின்றுவிட்டது. கழுதைக்குத் தண்ணீரின் ஆழம் கண்ணுக்குத் தெரியாது, அதனால் நம்பாது. இழுத்தேன். பின்னால் போய்த் தள்ளினேன். கெஞ்சினேன். தமிழில் திட்டினேன். கழுதையைப் பார்த்துக் 'கழுதை' என்று திட்டினால் அது திட்டே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. என்னைத் தாண்டி பத்துப் பன்னிரண்டு பேர் போய்விட்டார்கள். கடைசியில் அறுபதைத் தாண்டிய ஒரு அம்மா தன் கழுதையோடு வந்தார். "அதன் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்காதே. திரும்பி, போக வேண்டிய பக்கம் பார். கயிற்றைத் தளர விடு" என்றார். செய்தேன். அவருடைய கழுதை சளப் சளப் என்று தண்ணீரில் இறங்கிப் போனது. டஸ்டி அதன் வாலையே பார்த்தது, அப்புறம் எனக்கு முன்னாலேயே தாண்டிக் குதித்தது. நான் நின்ற நேரம் இருபத்தைந்து நிமிடம்.

அன்றிலிருந்து ஒரு கணக்கு வைத்திருக்கிறேன். கயிறு விறைப்பாக இருக்கும் நேரமெல்லாம் நான் தோற்றுக்கொண்டிருக்கும் நேரம்.

அப்படியானால் பயிற்சி எப்படி?

கழுதையைப் பொறுத்தவரை ஓட்டம் கடைசிப் பாடம். முதலில் கூட நிற்பது, சொறிந்து கொடுப்பது, கால் தூக்கிக் குளம்பைச் சுத்தம் செய்ய விடுவது. அப்புறம் நடை. நடை என்றால் ஊருக்குள் நடை. சாலையில் போட்ட வெள்ளைக் கோடு, சாக்கடை மூடி, பலூன், மடக்காத குடை, மரப்பாலம், காற்றில் ஆடும் பிளாஸ்டிக் பை எல்லாமே அதற்கு ஆராய்ச்சிக்குரிய பொருள். ஒவ்வொன்றையும் வேண்டிய மட்டும் பார்க்க விடுங்கள். ஒரு தடவை பார்த்து ஒப்புக்கொண்டால் அடுத்த தடவை சுலபம். ஓடை பயத்துக்காக நாங்கள் ஒரு மாதம் தினமும் கொல்லையில் தார்ப்பாய் விரித்துத் தண்ணீர் ஊற்றி, அதன் மேல் நடந்தோம். பக்கத்து வீட்டுக்காரர் வேலியோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்ப்பார்.

இது பழகிய பிறகு மெதுவோட்டம். வாரத்தில் ஒரு நாள் நீண்ட தூரம், மலையில். உங்கள் தனி ஓட்டப் பயிற்சியும் வேண்டும்தான், ஆனால் அதை மட்டும் நம்பி வருகிற வேகமான மாரத்தான்காரர்கள் முதல் ஓடையிலேயே மாட்டிக்கொள்வார்கள். ஏழு முறை உலகப் பட்டம் வென்ற ஹால் வால்டர் போன்றவர்கள் வருடம் முழுக்கக் கழுதைகளோடு வாழ்கிறவர்கள். மூன்று முறை ஜெயித்த கர்ட்டிஸ் இம்ரி 2017இல் இறந்தார். அவரும் பியூனா விஸ்டா பக்கம் பண்ணையில் கழுதை வளர்த்தவர்தான். வாரக்கடைசிக் கழுதைக்காரனான நான் அவர்கள் வரிசையில் நிற்க ஆசைப்படவே முடியாது.

ஓடும்போது நான் எங்கே இருக்க வேண்டும்? முன்னாலா, பின்னாலா?

ஆரம்பத்தில் எல்லோரும் முன்னால் ஓடி இழுப்பார்கள். தப்பு. கழுதையின் தோளுக்குப் பக்கத்தில், அல்லது தொடைக்குச் சற்றுப் பின்னால் ஒதுங்கி ஓடுங்கள். அது முன்னே, நீங்கள் பின்னே. மாடு ஓட்டிப் பழகியவர்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. நேர் பின்னால் மட்டும் போகாதீர்கள், உதை விழும்.

கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளவே கூடாது. எத்தனை அவசரமானாலும் கூடாது. இரண்டாம் வருடம் கிளம்பும் கூட்டத்தில் நான் ஒரே ஒரு சுற்று சுற்றிக்கொண்டேன். முன்னால் இருந்த கழுதை பாய்ந்தது, டஸ்டியும் பாய்ந்தது, உள்ளங்கைத் தோல் உரிந்தது. கையுறை போட்டுக்கொள்ளுங்கள். கயிற்றை மடித்துப் பிடியுங்கள், இழுத்தால் நழுவிப் போகிற மாதிரி.

பந்தய நாள் எப்படி இருக்கும்?

காலையில் ஊரே கத்தும். ஒரு கழுதை ஆரம்பித்தால் மற்றவை சும்மா இருக்காது. சேணம் கட்டி, எடை பார்த்து, மருத்துவர் பார்த்து முடித்ததும் எல்லோரும் கடைத்தெருவில் நெருக்கியடித்து நிற்போம். துப்பாக்கி வெடித்ததும் முதல் ஒரு மைலுக்கு நீங்கள் ஓடுவதில்லை, இழுத்துப் போகப்படுகிறீர்கள். சாதாரண நாளில் ஓடு என்றால் ஓடாத கழுதை, கூட்டம் ஓடினால் பறக்கும். கயிறுகள் சிக்கும், யாராவது விழுவார்கள், ஆளில்லாத கழுதை ஒன்று தட்டு கடகடக்க முன்னணியில் போகும். பார்க்கிறவர்கள் இதற்காகத்தான் வருகிறார்கள் என்று சந்தேகிக்கிறேன்.

அப்புறம் கூட்டம் பிரியும். இங்கேதான் பந்தயம் தொடங்குகிறது. கழுதைகள் தாங்களாகவே நாலைந்து சேர்ந்து ஒரு ரயில் மாதிரி போகும். உங்கள் கழுதைக்குப் பிடித்த ரயிலில் நீங்களும் போக வேண்டியதுதான். டஸ்டிக்குப் பிடித்தது அந்த ஓடைக்கார அம்மாவின் கழுதையை. அது நின்றால் இதுவும் நிற்கும். என் வேகத்தைத் தீர்மானிப்பது என் கழுதைகூட இல்லை, இன்னொருவருடைய கழுதை. அலுவலகத்தில் ஒரு மாதிரி அனுபவப்பட்ட நிலைமைதான்.

மேலே போகப் போக மரங்கள் குட்டையாகி, சுமார் 3,500 மீட்டரில் நின்றுவிடும். அதற்கு மேல் வெறும் கல். பழைய சுரங்கக் கட்டைகள் இற்றுப்போய்க் கிடக்கும். உச்சியில் ஃபாதர் டயர் என்ற பாதிரியாருக்கு ஒரு நினைவுச்சின்னம் இருக்கிறது. 1860களில் பனிச்சறுக்குப் பலகை கட்டிக்கொண்டு, தபால் மூட்டையைச் சுமந்து இந்தக் கணவாயைக் கடந்தவர். கழுதைகூட இல்லாமல்! கடைசி ஏற்றத்தில் மூச்சு வாங்கும்போது அவரை நினைத்து வெட்கப்பட்டேன்.

இறக்கத்தில் கழுதைக்கு வீட்டு ஞாபகம் வந்துவிடும். ஏறும்போது கெஞ்ச வைத்தது, இறங்கும்போது உங்களை விட்டுவிட்டுப் போகப் பார்க்கும். தொடை நடுங்க அதன் பின்னால் ஓட வேண்டும்.

எவ்வளவு நேரம் ஆகும்?

நீண்ட பந்தயத்தில் முன்னணிக்காரர்களுக்கே ஐந்து மணி நேரத்தை ஒட்டி ஆகும். எனக்கு ஒன்பதரை.

அவ்வளவு உயரத்தில் மூச்சு முட்டாதா?

முட்டும். தொட்டபெட்டா உச்சி 2,637 மீட்டர். ஃபேர்பிளே ஊரே 3,000 மீட்டருக்கு மேல், அதாவது தமிழ்நாட்டின் மலைகள் எல்லாவற்றையும் தாண்டிய உயரத்தில்தான் நீங்கள் கிளம்பும் கோடே இருக்கிறது. கணவாய் 4,019 மீட்டர். அங்கே மூச்சில் கிடைக்கும் ஆக்சிஜன் கடல்மட்டத்தில் கிடைப்பதில் சுமார் அறுபது சதவீதம்தான். சமவெளியிலிருந்து வருகிறவர்கள் சில நாள் முன்னாலேயே வந்து தங்கிப் பழகிக்கொள்ள வேண்டும். தலைவலியும் குமட்டலும் வந்தால் ஏறுவதை நிறுத்துங்கள், தள்ளாட்டமோ குழப்பமோ வந்தால் உடனே இறங்குங்கள். இதில் வீராப்பு வேண்டாம்.

இன்னொன்று, ஜூலை மதியங்களில் இந்த மலையில் இடி மின்னல் சர்வசாதாரணம். மரமில்லாத உச்சியில் நீங்களும் இரும்புப் பிக்காசும்தான் உயரமான பொருள்கள். மேகம் கறுத்தால் உச்சியில் படம் எடுத்துக்கொண்டு நிற்காதீர்கள். மழைச்சட்டை இடுப்பில் இருக்கட்டும், காலையில் வெயில் எத்தனை சுள்ளென்று அடித்தாலும்.

மிருகவதை இல்லையா?

நானும் இந்தச் சந்தேகத்தோடுதான் வந்தேன். சாதாரண அளவுக் கழுதை 180லிருந்து 230 கிலோ வரை இருக்கும். அதற்கு 15 கிலோ என்பது உடல் எடையில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஊரில் சலவைத் துறைக்குப் போன கழுதைகள் சுமந்ததை நினைத்தால் இது விளையாட்டுப் பை. அடிக்க அனுமதியில்லை, அடித்தாலும் பிரயோஜனமில்லை. அடிபட்ட கழுதை நின்றுவிடும், நின்றால் பந்தயம் போச்சு. விதியைவிட இந்தக் கணக்குதான் கழுதையைக் காப்பாற்றுகிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

குறை இல்லாமல் இல்லை. பயிற்சி இல்லாத கழுதையைக் கடைசி நேரத்தில் இரவல் வாங்கி ஓடுபவர்கள் உண்டு. ஜெயிக்கும் வெறியில் முகத்தைச் சுளிக்க வைக்கும்படி தள்ளுகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். சேணம் உரசி முதுகில் புண் வந்தால் அது முழுக்க முழுக்க மனிதன் செய்த தப்பு. பாதியில் கழுதைக்கு முடியவில்லை என்று தெரிந்தால் நிறுத்த மனம் வர வேண்டும், அந்த மனம் இல்லாதவர் தனியாக மாரத்தான் ஓடலாம்.

என்ன தீனி போடுவது?

காய்ந்த புல், வைக்கோல், தண்ணீர், நக்குவதற்கு உப்புக்கட்டி. பாலைவனத்தில் முள்ளைத் தின்று பிழைத்த உடம்பு அது. பாசத்தில் தானியமும் ரொட்டியும் போட்டால் கொழுத்து, கழுத்தில் சதை மடிந்து, குளம்பில் வீக்கம் வந்துவிடும். பிறகு ஓடுவது இருக்கட்டும், நிற்கவே முடியாது. அதற்காகத் திடீரென்று பட்டினி போட்டு இளைக்க வைப்பதும் ஆபத்து, இரத்தத்தில் கொழுப்பு ஏறி உயிருக்கே உலை வைக்கும். குளம்பை ஆறிலிருந்து பத்து வாரத்துக்கு ஒருமுறை சீவிவிட வேண்டும். பந்தய நாளில் வழியிலுள்ள ஓடையில் குடிக்க நிறுத்துங்கள். குடிக்காது. அப்படியும் நிறுத்துங்கள்.

பெண்கள் ஓடலாமா?

எழுபது வருடத்துக்கும் மேலாக ஓடிக்கொண்டிருக்கிறார்கள். இந்த விளையாட்டில் உடல் பலத்துக்குக் கிடைக்கும் சலுகை குறைவு. இருநூறு கிலோவை இழுத்து ஜெயிக்கும் அளவுக்குப் பலம் ஆணுக்கும் இல்லை. என்னை ஓடையிலிருந்து கரையேற்றியவர் யார் என்று மேலே சொல்லிவிட்டேன்.

பரிசுப் பணம் எவ்வளவு?

முதல் சில இடங்களுக்குக் கொஞ்சம் கிடைக்கும். வருடம் பூரா வாங்கும் புல்லுக்குக் காணாது. கணவாயைக் கடைசியாகத் தாண்டி வருபவருக்கும் ஒரு பரிசு உண்டு, அந்த மூன்றெழுத்துச் சிலேடையோடு. நான் ஒருமுறை நூலிழையில் தவறவிட்டேன்.

தமிழ்நாட்டில் இப்படி ஒன்று நடத்த முடியுமா?

கழுதை இருந்தால்தானே. சலவை இயந்திரமும் சின்ன லாரியும் வந்த பிறகு நம் ஊர்களில் கழுதை அரிதாகிவிட்டது. ரோடு போகாத மலைக்கிராமங்களில் மட்டும் இன்னும் அதன் முதுகுதான் வாகனம். தருமபுரி மாவட்டம் கோட்டூர் மலைக்குத் தேர்தலின்போது வாக்கு இயந்திரம் கழுதை மேல்தான் ஏறிப் போயிருக்கிறது. இலங்கையில் மன்னார்த் தீவில் உடைமையாளர் இல்லாத கழுதைகள் தெருவில் திரிகின்றன. அரிசோனாக் கழுதைகளின் கதையேதான், வேலை முடிந்ததும் அவிழ்த்து விடப்பட்டவை. பந்தயம் வைப்பதற்கு முன்னால் அவற்றுக்குக் குளம்பு சீவ ஆள் கிடைத்தால் போதும் என்பேன். நம்மூர் வெயிலில் 47 கிலோமீட்டர் ஓட வைக்கும் யோசனை எனக்குப் பிடிக்கவில்லை.

ஓடி முடித்ததும் என்ன செய்வீர்கள்?

முதலில் சேணத்தை அவிழ்க்க வேண்டும். உங்களுக்குத் தண்ணீர் அதற்குப் பிறகுதான். முதுகைத் தடவி, சூடோ வீக்கமோ இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். குளம்பில் கல் சிக்கியிருக்கிறதா என்று நாலு காலையும் தூக்கிப் பார்க்க வேண்டும். மருத்துவரிடம் ஒருமுறை காட்டுவது நல்லது. அப்புறம் புழுதியான இடமாகப் பார்த்துக் கயிற்றை நீளமாக விட்டால் கழுதை முன்னங்காலை மடக்கிச் சாய்ந்து, நாலு காலும் வானத்தைப் பார்க்கப் புரளும். இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. எழுந்து ஒரு உதறு உதறும். அந்தப் புழுதி முழுக்க உங்கள் மேல்தான். போன வருடம் டஸ்டி புரண்டு எழுந்த பிறகு நானும் பக்கத்தில் படுத்துவிட்டேன். எழுப்பிவிட ஆள் வேண்டியிருந்தது.